அலமாரிக்கு முன்னால் நிற்கும் உரிமை

எந்த நூலகத்துக்குப் போனாலும் முதலில் நான் கவனிப்பது இதைத்தான்: அலமாரிக்கும் வாசகருக்கும் நடுவில் மேசை போட்டு மறித்திருக்கிறார்களா, இல்லையா? மறிக்கவில்லை என்றால் அன்றைய பொழுது நல்ல பொழுது. நேரே உள்ளே போய், தேடி வந்ததையே மறந்து, புத்தக முதுகுகளைப் படித்தபடி வரிசை வரிசையாக நடக்கலாம். மேசை இருந்தால் நூலின் பெயர், ஆசிரியர், எண் எல்லாவற்றையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு உட்கார வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் எடுத்து வருவார். கேட்டது வரும். கேட்காதது வராது.

நமக்கு எது வேண்டும் என்பது பல சமயம் நமக்கே தெரியாதே! குடிமராமத்து பற்றிய ஒரு நூலைத் தேடி ஒருமுறை ஒரு பழைய நூலகத்தின் அடுக்குக்குள் போனேன். தேடிய நூல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதே தட்டில் கொஞ்சம் தள்ளி, அட்டை தேய்ந்து, முதுகில் பாதி எழுத்து போய்விட்ட ஒரு பாசன அறிக்கை இருந்தது. எந்த மதகை யார் திறப்பது, வண்டல் அள்ள எத்தனை ஆள் வர வேண்டும் என்று ஊர் ஊராக எழுதியிருந்தார்கள். அப்படி ஒரு அறிக்கை உண்டென்று தெரியாத நான் அதன் பெயரைச் சீட்டில் எப்படி எழுதியிருப்பேன்?

அதனால் திறந்த அடுக்குதான் சரி, மூடிய அடுக்கு அநியாயம் என்று முடித்துவிடலாமா? அந்த அறிக்கையைப் புரட்டும்போதே தாளின் ஓரம் பொடிப்பொடியாக மேசையில் உதிர்ந்தது. எனக்குக் கிடைத்த சந்தோஷம் அடுத்து வருபவருக்கும் கிடைக்க வேண்டும் என்றால் அந்தப் பொடியைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

மேசையை எடுக்கச் சொன்னவர்களில் உலக அளவில் முக்கியமான ஒருவர் நம் சீர்காழிக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன், 1892-ல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்காக லண்டன் போய் அங்கே நூலகம் நூலகமாக ஏறி இறங்கினார். குரோய்டன் பொது நூலகத்தில் பெர்விக் சேயர்ஸ் நூலகத்தை நடத்திய விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தார்.

இங்கிலாந்திலேயே பொது நூலகங்களில் அலமாரியைத் திறந்துவிடும் வழக்கம் அப்போது ரொம்பப் பழையதல்ல. 1894-ல் லண்டனின் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் தொடங்கிவைத்தது அது. அதற்கு முன்பு பெரும்பாலான பொது நூலகங்களில் வாசகர் கவுண்டருக்கு வெளியே நிற்க வேண்டும். அங்கே ஒரு பெரிய பலகை இருக்கும். ஒவ்வொரு நூலின் எண்ணுக்கும் சின்னதாக ஒரு துண்டு. புத்தகம் உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்பதை அதன் நிறம் காட்டும். வாசகர் பார்க்கக் கிடைத்தது அந்த எண்ணும் நிறமும்தான். பிரவுன் பலகையை எடுத்துவிட்டு ஆட்களை உள்ளே விட்டபோது, திருடிவிடுவார்கள், கலைத்துப் போட்டுவிடுவார்கள் என்று சக நூலகர்களே சண்டைக்கு வந்தார்கள்.

1925-ல் ஊர் திரும்பிய ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் அடுக்குகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். 1931-ல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகள் நூலில் மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலும் தன் வாசகரைச் சந்தித்தாக வேண்டும் என்பது. அதற்கு முதன்மையான வழியாக அவர் காட்டுவது திறந்த அடுக்கைத்தான். 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நெல்லுக்குப் பக்கத்தில் கரும்பு, கரும்புக்குப் பக்கத்தில் பாசனம் என்று பொருளின் உறவுப்படி நூல்களை நிறுத்த எதற்கு அவ்வளவு பாடு? பூட்டிய அறைக்கு வரிசை எண் போதும். அளவு வாரியாக அடுக்கிவிட்டால் இடமும் மிச்சம். பொருள் வாரியாக அடுக்கினால் புதிய நூல்கள் வர வர இடைவெளி விட்டுக்கொண்டே போக வேண்டும், வரிசையை அடிக்கடி நகர்த்த வேண்டும். உயரமான நூல் குட்டை நூலுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்று வளைந்துபோகும். இத்தனை செலவும் வாசகர் ஒருவர் அங்கே நடப்பார் என்ற நம்பிக்கைக்காகச் செய்யப்படுகிறது.

இப்போது தாளுக்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் திறப்பதா மூடுவதா என்று பேசுவதில் பயனில்லை.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை காகிதம் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்து வந்தது. அது நீண்ட காலம் நிற்கும். அதன் பிறகு மரக்கூழ் வந்தது. மை ஊறிப் பரவாமல் இருக்கப் படிகாரமும் ரோசினும் சேர்த்தார்கள். படிகாரத்தால் தாளுக்குள்ளேயே அமிலம் உருவாகி, செல்லுலோஸ் இழையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டாக்குகிறது. மரக்கூழில் தங்கிவிட்ட லிக்னின் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகிறது. வெப்பமும் ஈரமும் இரண்டையும் விரைவுபடுத்தும். சென்னைக் காற்றில் இரண்டுக்கும் பஞ்சமே இல்லை.

தமிழ் அச்சின் பொற்காலம் இந்த மோசமான தாளின் காலத்தில் வந்து விழுந்துவிட்டது. உ.வே.சா. சீவக சிந்தாமணியை அச்சிட்டது 1887-ல். சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. முதல் நாவல்கள், முதல் பெண்கள் பத்திரிகைகள், சாதிச் சங்கங்களின் மலர்கள், நாடகக் கம்பெனி நோட்டீசுகள், குஜிலி எனப்பட்ட சந்தைக் கடைகளில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள் எல்லாமே கிடைத்த மலிவுத் தாளில் ஏறியவை. செம்பதிப்புகளாவது மறுபதிப்பு கண்டன. கொலைச் சிந்துக்கும் ரயில் விபத்துப் பாட்டுக்கும் மறுபதிப்பு போட்டவர் யார்? அந்தக் குஜிலிப் பாட்டுகளைத் தேடியெடுத்து ‘முச்சந்தி இலக்கியம்’ எழுதிய ஆ.இரா. வேங்கடாசலபதிக்கு அவை கிடைத்தன என்றால், எங்கோ யாரோ அவற்றை எடுத்து வைத்திருந்தார்கள் என்று அர்த்தம்.

அந்தப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். சில பக்கங்கள்தான் இருக்கும். நடுவில் நூல் தைத்திருக்கும், அல்லது துருப்பிடித்த கம்பி. முதுகு என்று ஒன்று கிடையாது. அலமாரியில் நிறுத்தினால் இரண்டு தடித்த நூல்களுக்கு நடுவே அது இருப்பதே தெரியாது. அடுத்த நூலை இழுக்கும்போது கூடவே மடங்கி உள்ளே போய்விடும். திறந்த அடுக்கில் இருந்தாலும் வாசகர் கண்ணில் அது படவே படாது. இதற்கு வேண்டியது அமிலமில்லாத அட்டைப்பெட்டி, நல்ல பட்டியல், முகப்பின் படம். திறந்த அடுக்கின் பக்கம் நிற்கும் நான் இந்தச் சின்னப் புத்தகங்களுக்காக மட்டும் தயங்காமல் மூடிய அறையைக் கேட்பேன்.

கைகள் செய்யும் சேதமும் இருக்கிறது. நெருக்கமாகச் செருகிய வரிசையிலிருந்து ஒரு நூலை எடுக்க எல்லோரும் என்ன செய்கிறோம்? ஆள்காட்டி விரலை முதுகின் மேல்விளிம்பில் மாட்டி இழுக்கிறோம். பைண்டிங் துணி முதலில் பிய்வது அங்கேதான். பக்கத்து நூல்கள் இரண்டையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் நிற்பதன் இடுப்பைப் பிடித்து எடுத்தால் ஒன்றும் ஆகாது. எச்சில் தொட்டுப் புரட்டுவது, படித்த இடத்துக்கு அடையாளமாக மூலையை மடிப்பது, ஜெராக்ஸ் கண்ணாடியில் குப்புறக் கவிழ்த்து முதுகை அழுத்துவது எல்லாம் புதிய நூலுக்கே கெடுதல். மடித்த மூலை பழைய நூலில் அப்படியே கையோடு வந்துவிடும். கிழிந்த இடத்தில் நல்லெண்ணத்தோடு ஒட்டும் செல்லோடேப் இன்னும் மோசம். சில வருஷங்களில் டேப் உரிந்துவிடும், பசை மட்டும் பழுப்பாகத் தாளுக்குள் இறங்கி எழுத்தை மறைக்கும்.

அப்படியென்றால் பூட்டிவிட வேண்டியதுதானே என்பவர்களுக்கு என் பதில்: பூட்டு அமிலத்தைத் தடுக்காது. ஒரு சிற்றூர் நூலகத்தில் பழைய நூல்களை இரும்பு பீரோவில் வைத்து, நாலு நாப்தலின் உருண்டையும் போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் அன்று விடுப்பு. இன்னொரு நாள் திறந்து காட்டியபோது உள்ளே ஈர வாடை; கீழ்த்தட்டில் கரையான் மண். யார் கையும் படாமலே அந்த நூல்கள் செத்துக்கொண்டிருந்தன. அங்கே இருந்தவரைக் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கொடுத்திருந்தது ஒரு பீரோ மட்டும்தான். ஆனால் மூடி வைப்பதற்கே பாதுகாப்பு என்று பெயர் சூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோமே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வெப்பமும் ஈரமும் ஏறி இறங்காத அறை, பூச்சி இருக்கிறதா என்று தவறாத சோதனை, ஒரு ஸ்கேன் பிரதி, இவ்வளவும் இருந்தால்தான் அது பாதுகாப்பு. பகலெல்லாம் ஏசி போட்டு, ஆறு மணிக்கு அணைத்துவிட்டுப் போகும் அறையும் பாதுகாப்பானதல்ல. ராத்திரி வெளிக்காற்றின் ஈரம் உள்ளே வரும், காலையில் மறுபடி குளிரும். தினமும் விரிந்து சுருங்கும் தாள் சீக்கிரம் உடையும்.

உலகத்தில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்த்தால் ஒரே விடை கிடையாது. பிரிட்டிஷ் நூலகம் கிட்டத்தட்ட முழுக்க மூடிய அடுக்கு. யார்க்‌ஷயரில் பாஸ்டன் ஸ்பா என்ற இடத்தில், தீப்பிடிக்காதபடி காற்றில் ஆக்சிஜனைக் குறைத்து வைத்த கிடங்கிலிருந்து எந்திரம் பெட்டியை எடுத்துத் தருகிறது. நூலுக்கு அது சொர்க்கம். வாசகருக்கு அங்கே நடைபாதையே கிடையாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகமும் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களைப் பெறும் உரிமை உள்ளதுதான். ஆனால் 1934-ல் திறந்த தன் கட்டடத்தில் பெரும் பகுதியை வாசகர் நடமாட விட்டிருக்கிறது. அவர்கள் செய்திருக்கும் சமரசம் எனக்குப் பிடிக்கும். பொருள் வாரியாகப் பிரித்து, அதற்குள் உயர வாரியாக அடுக்குகிறார்கள். மேய்வதற்கு வசதி, நூலும் வளையாது. அரிய நூல்கள் தனி அறையில். அதிகம் கேட்கப்படாதவற்றுக்கு 2018-ல் ஈலி என்ற ஊரில் தனிக் கிடங்கு கட்டினார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது லண்டனிலுள்ள வார்பர்க் ஆய்வு நிறுவனத்தின் நூலகம். ஹாம்பர்க்கில் ஆபி வார்பர்க் சேர்த்தது. நாஜிகளிடமிருந்து தப்ப 1933-ல் கப்பலேறி லண்டனுக்கு வந்தது. தேடி வந்த நூலைவிட அதன் அண்டை வீட்டு நூல்தான் உனக்கு உதவப்போகிறது என்பது வார்பர்க்கின் கொள்கை. மாடி மாடியாக நூல்கள் அந்தக் கொள்கைப்படி நிற்கின்றன, வாசகர்கள் உள்ளே நடக்கிறார்கள். அந்த வரிசையே அவருடைய சிந்தனை. அதை மூடினால் நூல்கள் பிழைக்கலாம், சிந்தனை போய்விடும்.

நம் ஊருக்கு வருவோம். எழும்பூரில் கன்னிமாரா, 1896 டிசம்பர் 5-ல் திறந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைப் பெற வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. அதே சமயம் பள்ளி மாணவரும் ஓய்வுபெற்றவரும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவரும் நுழையும் பொது நூலகமும் அதுதான். என்றைக்கும் வைத்திருக்க வேண்டிய கடமையும் இன்றைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டிய கடமையும் ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டன. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு, 2010-ல் திறந்ததால், இந்தச் சுமை குறைவு. புதிதாக வாங்கிய நூல் தேய்ந்தால் இன்னொன்று வாங்கிவிடலாம். அங்கே மாடி மாடியாகத் திறந்த அடுக்கு இருப்பதுதான் முறை. மறுகோடியில் தரமணியிலிருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தன் வாழ்நாளெல்லாம் சேர்த்த ஒரு லட்சம் அளவிலான நூல், பத்திரிகை, நோட்டீசு, அழைப்பிதழ்களில் பிறந்தது அது. அவர் 1992-ல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது, 1994-ல் சென்னையிலேயே நூலகமாக்கினார்கள். அங்கே அடுக்கு மூடியதுதான். கேட்டால் எடுத்துத் தருகிறார்கள். சரியான முடிவு. அந்த அழைப்பிதழுக்கு இரண்டாம் பிரதி எங்கே இருக்கிறது?

ஆக, ஒரு நூலகம் திறந்ததா மூடியதா என்ற கேள்வியே தப்பாகக் கேட்கப்படுகிறது என்பேன். ஒவ்வொரு நூலாகக் கேட்க வேண்டும். இது போனால் வேறு பிரதி கிடைக்குமா? இந்தத் தாள் இன்னும் சில நூறு கைகளைத் தாங்குமா? இரண்டுக்கும் ஆம் என்றால் வெளியே நிறுத்துங்கள், எவ்வளவு பழையதானாலும். இரண்டில் ஒன்றுக்கு இல்லை என்றாலும் உள்ளே எடுங்கள். பழையது எல்லாம் அரியது என்று கண்ணாடிக் கதவுக்குள் தள்ளுவதும், யார் கையும் படாத 1930-களின் துண்டுப் பிரசுரத்தைப் பொது அலமாரியில் நசுங்க விடுவதும் ஒரே சோம்பலிலிருந்து வருபவை.

உள்ளே எடுத்தால் வாசகரிடமிருந்து ஒன்றைப் பறிக்கிறோம். அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மூடிய அடுக்கில் நூல்கள் எந்த வரிசையில் நிற்கின்றனவோ அதே வரிசையில், முகப்புப் படத்தோடு, பட்டியல் வெளியே இருக்க வேண்டும். ஒரு நூலைக் கேட்டால் அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் பத்து நூல்களின் பெயரும் சேர்ந்து வர வேண்டும். இப்போது நம் மின்னூலகங்களில் பெரிதாக நிற்பது தேடல் பெட்டி. பெயர் தெரிந்தவருக்கு அது போதும். தெரியாதவருக்கு அதுவும் ஒரு கவுண்டர்தான். ஈழத்து எழுத்துகளைச் சேர்க்கும் நூலகம் திட்டம் 2005 முதல் வகை வாரியாக, ஆண்டு வாரியாகப் பட்டியலிட்டு வைத்திருப்பதால் ஒரு மாலை முழுக்க அதில் சுற்றலாம். அதே ஈழத்தில் 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அடுக்கு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது அந்தத் தீக்கு முன்னால் ஒரு பொருட்டே இல்லை. வேறு இடத்தில் பிரதி இருந்தவை மட்டும் பிழைத்தன.

திறந்த அடுக்கு சும்மா கிடைப்பதல்ல, அதையும் சொல்ல வேண்டும். தினமும் காலையில் ஒருவர் வரிசையைப் படித்துக்கொண்டே போய், இடம் மாறியதை எடுத்து அதன் இடத்தில் வைக்க வேண்டும். இடம் மாறி நிற்கும் நூல் தொலைந்த நூல்தான். பட்டியலில் இருக்கும், கையில் கிடைக்காது. பணியாளர் இடங்களை நிரப்பாமல் விட்டுவிட்டு அலமாரியைத் திறந்துவைத்தால் சில வருஷங்களில் அங்கே வரிசை என்று ஒன்றே இருக்காது. பிறகு அதையே காரணம் காட்டி மேசை போடுவார்கள். கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஆளுக்கும் ஒதுக்குங்கள் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற உங்களிடம் இரண்டு வேண்டுகோள். நூலகத்தில் எடுத்துப் பார்த்த நூலை நீங்களே அலமாரியில் திருப்பிச் செருகாதீர்கள். மேசையிலேயே விட்டுவிடுங்கள், இடம் தெரிந்தவர் வைக்கட்டும். உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ 1950-க்கு முந்தைய நூலோ மலரோ பாட்டுப் புத்தகமோ இருந்தால், பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் ஒரு ஆராய்ச்சி நூலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கொடுக்க மனமில்லையென்றால் ஸ்கேன் செய்யவாவது விடுங்கள்.